பெயரை வாங்கியவர்களும் பட்டறையை வாங்கியவர்களும்

தச்சுத் தொழிலாளி ஒருவர் மின்கருவி வாங்குவதற்குக் கடைக்குச் செல்லும்போது அதைக் கழற்றிப் பார்த்து வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் மோட்டோரின் செப்புக்கம்பி எவ்வளவு தடிப்பானது, பற்சக்கரங்கள் உருக்கினால் ஆனவையா அல்லது பிளாஸ்ரிக்கினால் ஆனவையா என்பதெல்லாம் அவரது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் பார்ப்பது பெயரை மாத்திரமே. தனது தந்தையார் இருபது வருடங்கள் பாவித்த கருவியின் பெயர், தனக்குத் தொழில் பழக்கிய மேஸ்திரியாரின் கையில் இருந்த கருவியின் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவர் பணத்தைக் கொடுக்கிறார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தொழிலாளியை விடவும் முதலீட்டாளர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். கடந்த அறுபது வருடங்களுக்கும் மேலாக அமெரிக்காவின் மின்கருவி உற்பத்தியாளர்களும் புல்வெட்டும் இயந்திர உற்பத்தியாளர்களும் மீண்டும் மீண்டும் விலைபேசப்பட்டு கைமாறி வந்திருக்கிறார்கள். "கம்பனி கைமாறியதும் தரம் கெட்டுப்போய்விட்டது" என்பது அந்தக் கருவிகளைப் பாவிப்போரிடையே மிகவும் வழமையான முறைப்பாடு. இந்த முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால், அது முழு உண்மை அல்ல. கைமாறியதால் அழிந்த பெயர்களும் உண்டு. கைமாறியதனாலேயே வாழ்வு பெற்ற பெயர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைச் சில கம்பனிகளின் வரலாற்றின் ஊடாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சமையலறைக்குள் சென்ற துளைகருவி

டங்கன் பிளாக், அலொன்சோ டெக்கர் என்ற இரு இளைஞர்கள் 1910 ஆம் ஆண்டில் பால்ற்றிமோர் நகரில் சிறியதொரு இயந்திரப் பட்டறையை ஆரம்பித்தார்கள். கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விசையை அழுத்தினால் இயங்கும் ஆளியும் கொண்ட மின்சாரத் துளைகருவிக்கான காப்புரிமையை 1917 ஆம் ஆண்டில் அவர்கள் பெற்றார்கள். இன்று உலகம் பூராவும் பாவனையில் இருக்கும் துளைகருவிகளின் வடிவம் அந்தப் பட்டறையில் இருந்து வந்ததே.

அந்த பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ரிக் கம்பனியின் சிறிய வீட்டுபகரணப் பிரிவைச் சுமார் 30 கோடி டொலர்களுக்கு வாங்கியது. அதைத் தொடர்ந்து பாண் வாட்டும் கருவியிலும் உடை அழுத்தும் மின்னழுத்தியிலும் பிளாக் அன்ட் டெக்கர் என்ற பெயர் பொறிக்கப்பட்டது. வியாபார ரீதியில் அது கெட்டித்தனமான காரியமாகவே தோன்றியது. ஆனால், கட்டடத் தொழிலாளர்கள் மத்தியில் அதனால் ஏற்பட்ட விளைவை நிருவாகிகள் முன்கூட்டியே கணிக்கவில்லை. தனது வீட்டுச் சமையலறையில் இருக்கும் பெயரையே வேலைத்தளத்திலும் தூக்கிக்கொண்டு திரிவதற்கு எந்தத் தொழிலாளியும் விரும்பவில்லை. தொழிலாளர்களுக்கான கருவிச் சந்தையில் ஜப்பானின் மகிற்றா ஏறத்தாழ அரைவாசியைப் பிடித்துக்கொள்ள, துளைகருவிக்கு வடிவம் கொடுத்த நிறுவனத்தின் பங்கு 1990 களின் ஆரம்பத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக வீழ்ந்தது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், தொழிலாளர்களுக்கென்று அந்த நிறுவனம் தயாரித்த கருவிகள் தரக்குறைவானவையாக இருக்கவில்லை. பழுதடைந்தது பெயரே தவிர இயந்திரம் அல்ல. அதனால் நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே இருந்த இன்னொரு பெயரைத் தேடி எடுத்தது. ரேமண்ட் டிவோல்ட் என்பவர் 1924 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் மரமரியும் இயந்திரங்களைத் தயாரிப்பதற்காக ஆரம்பித்த கம்பனியை பிளாக் அன்ட் டெக்கர் 1960 ஆம் ஆண்டில் வாங்கியிருந்தது. 1992 ஆம் ஆண்டில் டிவோல்ட் என்ற அந்தப் பெயருடன், மஞ்சள் நிறத்தில், தொழிலாளர்களுக்கு மாத்திரமான ஒரு கருவி வரிசை சந்தைக்கு வந்தது. அது வெறும் வர்ணமாற்றமாக இருக்கவில்லை. வேலைத்தளங்களுக்கே ஆட்களை அனுப்பி கருவிகளைப் பரீட்சித்துக் காட்டி, பழுதுபார்க்கும் சேவையையும் செவ்வையாக ஒழுங்குசெய்தார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் ஜோசப் கல்லி. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். மீண்டும் அவரைச் சந்திப்போம்.

மூன்று தடவை விலைபோன போர்ட்டர்-கேபிள்

தரம் தாழ்ந்துபோவதற்கு உதாரணம் கேட்டால் அமெரிக்க மரவேலைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது போர்ட்டர்-கேபிள் என்ற பெயரைத்தான். 1906 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் 2,300 டொலர் முதலுடன் மூன்று பேர் அதைத் தொடங்கினார்கள். அங்கு பணியாற்றிய ஆர்ட் எமன்ஸ் என்ற பொறியியலாளர் 1926 ஆம் ஆண்டில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பட்டியுடனான தேய்ப்புக் கருவியையும் 1929 ஆம் ஆண்டில் திருகுப் பற்சக்கரத்தில் இயங்கும் வட்டவாளையும் வடிவமைத்தார். மரவேலையின் வேகத்தையே மாற்றிய கருவிகள் அவை.

1960 ஆம் ஆண்டில் இந்தக் கம்பனியை ரொக்வெல் நிறுவனம் வாங்கியது. உற்பத்தி சிரக்கியூஸில் இருந்து ரெனசி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு இடம்மாற்றப்பட்டது. போர்ட்டர்-கேபிள் என்ற பெயர் படிப்படியாகக் கைவிடப்பட்டு ரொக்வெல் என்ற பெயர் வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டாகச் சேர்ந்த நம்பிக்கையை வாங்கியவர்களே ஒதுக்கி வைத்தார்கள்.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 1981 ஆம் ஆண்டில் பென்ரெயர் என்ற நிறுவனம் ரொக்வெல்லிடமிருந்து அந்தக் கருவிப் பிரிவை வாங்கியது. பழைய பெயரை அது மீண்டும் கொண்டுவந்தது. வீட்டுப் பாவனைக்கான மலிவுக் கருவிகளில் மற்றவர்களுடன் போட்டிபோடாமல் தொழில்முறை மரவேலைக்காரர்களுக்கான கருவிகளில் கவனத்தைக் குவித்தது. அடுத்துவந்த இருபது வருடங்களில் போர்ட்டர்-கேபிள் ரவுட்டர் இல்லாத மரவேலைப் பட்டறை அமெரிக்காவில் அபூர்வம் என்று சொல்லும் அளவுக்கு நிலைமை மாறியது. கைமாற்றம் ஒன்றினால் கெட்ட பெயர் இன்னொரு கைமாற்றத்தினால் மீண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவது கட்டம் 2004 ஆம் ஆண்டில் வந்தது. பென்ரெயரின் கருவிப் பிரிவு முழுவதையும் சுமார் 77 கோடி 50 இலட்சம் டொலர்களுக்கு பிளாக் அன்ட் டெக்கர் வாங்கியது. இப்போது ஒரே வீட்டுக்குள் இரண்டு மூத்த பிள்ளைகள். டிவோல்ட் ஏற்கெனவே தொழிலாளர்களின் கருவியாக நிலைபெற்றுவிட்டது. அதே வாடிக்கையாளருக்காக இன்னொரு வரிசையையும் சொந்தச் செலவில் வளர்ப்பதற்கு எந்தக் கணக்காளர்தான் சம்மதிப்பார்? போர்ட்டர்-கேபிள் கீழ்ப்படிக்கு இறக்கப்பட்டது. சில பழைய ரவுட்டர்கள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டபோதிலும், பெருங்கடைகளில் குறைந்த விலை தேடுவோருக்கான கருவிகளிலேயே அந்தப் பெயர் பெரும்பாலும் காணப்படலாயிற்று. 2010 ஆம் ஆண்டில் பிளாக் அன்ட் டெக்கர் தானும் ஸ்ரான்லி நிறுவனத்துடன் இணைந்து ஸ்ரான்லி பிளாக் அன்ட் டெக்கர் ஆனபோது அந்தக் குடும்பம் மேலும் பெருத்தது. போர்ட்டர்-கேபிளுடன் சேர்த்து வாங்கப்பட்ட டெல்ரா என்ற மரவேலை இயந்திரப் பெயர் 2011 ஆம் ஆண்டில் தாய்வான் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது.

இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று எவரையும் சுட்டிக்காட்டமுடியாது. ஒரு கூட்டுக் கம்பனிக்குள் பத்துப் பெயர்கள் இருந்தால், உயர்ந்தது, நடுத்தரமானது, மலிவானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஒதுக்கப்படும். கீழ்ப்படி எந்தப் பெயருக்கு விழுகிறதோ அந்தப் பெயரின் தலைவிதி அன்றே எழுதப்பட்டுவிடுகிறது.

தரம் எவ்வாறு குறைகிறது?

தரம் ஒரு நாளில் வீழ்ச்சியடைவதில்லை. அது சதங்களில் கழிகிறது. ஒரு கம்பனியை வாங்குவதற்குப் பெருந்தொகை கடன் பெறப்பட்டிருந்தால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டவேண்டும். பங்குதாரர்களுக்கும் உறுதிமொழி வழங்கப்பட்டிருக்கும். விலையை உயர்த்தினால் விற்பனை குறையும். ஆகவே, உற்பத்திச் செலவைக் குறைப்பதே இலகுவான வழியாகிவிடுகிறது.

சுழல்தண்டைத் தாங்கும் போல் பெயாரிங்குக்குப் பதிலாக சாதாரண புஷ் போடப்படும். வெட்டிச் செதுக்கிய உருக்குப் பற்சக்கரத்துக்குப் பதிலாக அச்சில் அழுத்திய உலோகத்தூள் சக்கரமோ பிளாஸ்ரிக் சக்கரமோ வரும். தேய்ந்துபோகும் கார்பன் பிரஷை வெளியில் இருந்து கழற்றி மாற்றுவதற்கு இருந்த மூடி இல்லாமல் போகும். மின்வடம் ஒரு முழம் குறையும். புல்வெட்டும் இயந்திரமாக இருந்தால் வெட்டுத்தட்டின் தகடு மெலியும். கிறீஸ் பூசுவதற்கு இருந்த துவாரம் மறையும். இவற்றில் எந்தவொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது பெரிய குற்றம் அல்ல. வாங்கிய முதல் வருடத்தில் எந்தவிதமான வித்தியாசமும் தெரியவராது. ஐந்தாவது வருடத்தில்தான் தெரியும். அதற்குள் அந்த முடிவை எடுத்த முகாமையாளர் வேறொரு கம்பனிக்குப் பதவி உயர்வுடன் சென்றிருப்பார்.

இரண்டாவது இழப்பு இதைவிட ஆழமானது. தொழிற்சாலை ஒன்றை மூடி உற்பத்தியை வேறிடத்துக்கு மாற்றும்போது இயந்திரங்களையும் வரைபடங்களையும் ஏற்றிச் செல்லலாம். பற்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டே பிழையைக் கண்டுபிடிக்கும் தொழிலாளியின் காதை ஏற்றிச் செல்லமுடியாது. அந்த அறிவு எந்தக் கணக்கேட்டிலும் சொத்தாகப் பதியப்படுவதில்லை. அதனால், அது இல்லாமல் போகும்போது நட்டமாகவும் பதியப்படுவதில்லை.

சீனிக் கம்பனியின் கையில் இருந்து ஹொங்கொங் வரை

இவ்வளவையும் வாசித்துவிட்டு, கைமாறுவதே கேடு என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் மில்வாக்கி கம்பனியின் வரலாற்றையும் பார்க்கவேண்டும். 1924 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட அந்த நிறுவனம் 1951 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சோசோல் என்ற முன்பின் அசையும் வாள் மிகவும் பிரபல்யம் பெற்றது. மற்றக் கம்பனிகளின் அத்தகைய வாள்களையும் தொழிலாளர்கள் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

1976 ஆம் ஆண்டில் மில்வாக்கியை அம்ஸ்ரார் என்ற நிறுவனம் வாங்கியது. அது என்ன தொழில் செய்த நிறுவனம் தெரியுமா? சீனி சுத்திகரிப்பு. பிறகு 1986 ஆம் ஆண்டில் மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையிலும் 1995 ஆம் ஆண்டில் சுவீடனின் அட்லஸ் கொப்கோ நிறுவனத்தின் கையிலும் அது சேர்ந்தது. இறுதியாக, 2005 ஜனவரியில், ஹொங்கொங்கைத் தலைமையகமாகக் கொண்ட டெக்ரோனிக் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனம், ஏ.ஈ.ஜி. மின்கருவிப் பிரிவையும் சேர்த்து சுமார் 62 கோடி 66 இலட்சம் டொலர்களுக்கு அதை வாங்கியது. 1985 ஆம் ஆண்டில் ஹோர்ஸ்ற் புட்வில், ரோய் சுங் ஆகிய இருவரும் ஆரம்பித்த அந்த நிறுவனம் அதுவரையில் பெரும்பாலும் மற்றவர்களின் பெயர்களில் விற்கப்படும் கருவிகளைத் தயாரிப்பதிலேயே அறியப்பட்டிருந்தது. மில்வாக்கியின் கதை முடிந்தது என்று எண்ணியோர் பலர்.

நடந்தது வேறு. லித்தியம்-அயன் பற்றறியில் இயங்கும் மின்கருவியை 2005 ஆம் ஆண்டிலேயே மில்வாக்கி சந்தைக்குக் கொண்டுவந்தது. 2008 ஆம் ஆண்டில் டெக்ரோனிக்கின் பிரதம நிறைவேற்று அதிகாரி பொறுப்பை ஏற்றவர் வேறு யாருமல்ல. டிவோல்ட்டை எழுப்பிய அதே ஜோசப் கல்லிதான். 2024 ஆம் ஆண்டுவரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். வடிவமைப்பு அலுவலகம் விஸ்கொன்சினிலேயே தொடர்ந்து இருந்தது. பொறியியலாளர்கள் குறைக்கப்படவில்லை, கூட்டப்பட்டார்கள். மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துநர் என்று ஒவ்வொரு தொழிலாளர் பிரிவினரிடமும் சென்று அவர்களின் கஷ்டத்தைக் கேட்டு, அதற்கேற்பக் கருவிகளை வடிவமைத்தார்கள். 2005 ஆம் ஆண்டில் சுமார் 290 கோடி டொலர்களாக இருந்த டெக்ரோனிக்கின் வருடாந்த விற்பனை 2024 ஆம் ஆண்டில் சுமார் 1,460 கோடி டொலர்களாக உயர்ந்தது.

இதிலும் ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவுக்குச் சென்றது. பின்னர் மிசிசிப்பியிலும் விஸ்கொன்சினிலும் புதிய தொழிற்சாலைகள் அமைக்கப்பட்டபோதிலும், ஆரம்ப வருடங்களில் வேலை இழந்தவர்களுக்கு அவை ஆறுதலாக அமைந்திருக்கும் என்று கூறமுடியாது. தரமும் வேலைவாய்ப்பும் எப்போதும் ஒரே திசையில் பயணிப்பதில்லை. பொருள் நன்றாக இருக்க, ஊர் வாடிப்போவதும் உண்டு.

வேண்டாம் என்று சொன்ன புல்வெட்டும் இயந்திரம்

1830 ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் துணி ஆலை இயந்திரத்தைப் பார்த்து புல்வெட்டும் இயந்திரத்தை வடிவமைத்த காலத்தில் அது செல்வந்தர்களின் தோட்டங்களுக்கு உரியதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் அது ஒவ்வொரு நடுத்தர வீட்டின் கொட்டகைக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் மக்டொனோ என்ற சிறிய நகரில் தயாரிக்கப்பட்ட ஸ்னாப்பர், நீண்டகாலம் உழைக்கும் இயந்திரம் என்று பெயர் பெற்றிருந்தது. அந்தக் கம்பனியும் ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்று, பின்னர் 2002 ஆம் ஆண்டில் விஸ்கொன்சினைச் சேர்ந்த சிம்பிளிசிற்றி நிறுவனத்தின் வசம் வந்தது.

அப்போது அதன் பொறுப்பில் இருந்த ஜிம் வியர் அமெரிக்க வர்த்தக உலகம் வியந்து பேசிய ஒரு காரியத்தைச் செய்தார். உலகின் மிகப்பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான வோல்மார்ட்டின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, இனிமேல் ஸ்னாப்பர் இயந்திரங்களை வழங்கப்போவதில்லை என்று அறிவித்தார். கம்பனியின் விற்பனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒரே நாளில் அவர் கைவிட்டார். அவரது தர்க்கம் எளிமையானது. நூறு டொலருக்குப் புல்வெட்டும் இயந்திரம் விற்கும் கடையில், மிகவும் மலிவான மாதிரியே சுமார் 350 டொலர் விலையுள்ள ஸ்னாப்பரும் நின்றால், வருடத்துக்கு வருடம் விலையைக் குறைக்கும்படி அழுத்தம் வரும். அதற்கு இணங்கினால் தகடு மெலியும், இயந்திரம் மெலியும், பழுதுபார்த்துக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான சிறு முகவர்கள் கைவிடப்படுவார்கள். பிறகு ஸ்னாப்பர் என்ற பெயர் இருக்கும், ஸ்னாப்பர் இருக்காது.

ஆனால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கே உரியது; முகாமையாளருக்கு உரியது அல்ல. இரண்டு வருடங்களில், 2004 ஆம் ஆண்டில், இயந்திரங்களுக்கு என்ஜின் வழங்கிவந்த பிறிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் சிம்பிளிசிற்றியையும் அதனுடன் ஸ்னாப்பரையும் சுமார் 22 கோடி 75 இலட்சம் டொலர்களுக்கு வாங்கியது. 2008 ஆம் ஆண்டில் போர்ட் வொஷிங்ரன் நகரில் இருந்த சிம்பிளிசிற்றியின் பழைய தொழிற்சாலை மூடப்பட்டு வேலை மக்டொனோவுக்குச் சென்றது. பெருஞ்சில்லறைக் கடைகளுக்கான புல்வெட்டும் இயந்திர வியாபாரத்தில் போதிய இலாபம் இல்லை என்று கண்ட நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் அதிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. வியர் பத்து வருடங்களுக்கு முன்னர் சென்று சேர்ந்த முடிவு அதுதான். 2014 ஆம் ஆண்டில் மக்டொனோ தொழிற்சாலையையும் மூடும் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 475 பேரின் வேலை போனது. 1908 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பிறிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனமே 2020 ஜூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று, சுமார் 55 கோடி டொலர்களுக்கு முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. வாங்கியவரும் வாங்கப்பட்டார்.

ஐந்நூறு டொலர் பெயர்

தொழிற்சாலையே இல்லாத ஒரு பெயரின் கதையும் இங்கே பொருத்தமானது. சியர்ஸ் நிறுவனம் 1927 ஆம் ஆண்டில் கிராப்ற்ஸ்மன் என்ற வர்த்தக நாமத்தை 500 டொலர்களுக்கு வாங்கியது. அந்தக் கருவிகளை சியர்ஸ் தானாகத் தயாரித்ததில்லை. பல கம்பனிகளிடம் தயாரிப்பித்து விற்றது. ஆனாலும், எந்தத் தரத்தில் தயாரிக்கவேண்டும் என்று கண்டிப்புடன் மேற்பார்வை செய்தது. கைக்கருவி உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தது. அந்த வாக்குறுதியே கிராப்ற்ஸ்மனின் உண்மையான தொழிற்சாலை. சியர்ஸ் நலிவடைந்தபோது மேற்பார்வையும் நலிவடைந்தது. 2017 ஆம் ஆண்டில் ஸ்ரான்லி பிளாக் அன்ட் டெக்கர் அந்தப் பெயரை மொத்தத்தில் ஏறத்தாழ 90 கோடி டொலர் பெறுமதியான உடன்படிக்கையில் வாங்கியது.

வாங்கியவர்கள் பெயருக்கு மீண்டும் ஒரு பட்டறையைக் கொடுக்க முயன்றார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ரெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகரில் சுமார் 9 கோடி டொலர் செலவில், பெரிதும் தானியங்கி இயந்திரங்களை நம்பி, கைக்கருவித் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார்கள். எதிர்பார்த்த அளவில் உற்பத்தி நடைபெறவில்லை. 2023 ஆம் ஆண்டில் அதை மூடுவதாக அறிவித்தார்கள். பெயரை வாங்குவதற்குக் கையெழுத்துப் போதுமானது. சிதறிப்போன தொழிலறிவைத் திரும்பச் சேர்ப்பதற்குக் கோடிக்கணக்கான டொலர்களும் போதவில்லை.

வரலாறு சொல்வது

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகிறது. வாங்கியவர் அமெரிக்கரா, சீனரா, சுவீடன்காரரா என்பது தரத்தைத் தீர்மானிக்கவில்லை. கருவித் தொழிலைச் சேர்ந்தவரா இல்லையா என்பதும்கூட தீர்மானிக்கவில்லை. போர்ட்டர்-கேபிளைக் கீழ்ப்படிக்கு இறக்கியது துளைகருவிக்கு வடிவம் கொடுத்த நிறுவனமே. மில்வாக்கியை உயர்த்தியது மற்றவர்களின் பெயருக்கு மலிவுக் கருவி செய்துகொடுத்த நிறுவனம்.

தீர்மானித்தது, வாங்கியவர் தனது பணத்துக்கு எதை வாங்கியதாக நினைத்தார் என்பதே. பெயரை மாத்திரம் வாங்கியதாக நினைத்தவர்கள் அதைக் கிணற்று நீரைப் போல இறைத்தார்கள். பட்டறையையும் அங்கிருந்தவர்களின் அறிவையும் பாவனையாளருடன் இருந்த உறவையும் வாங்கியதாக நினைத்தவர்கள் ஊற்றைத் தூர்வாரினார்கள். முதலாவது வகையினருக்கு இலாபம் உடனடியாக வரும். இரண்டாவது வகையினருக்குப் பல வருடங்கள் காத்திருக்கவேண்டும். காத்திருப்பதற்குப் பொறுமை இல்லாத சந்தையில் முதலாவது வகையினரே அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதில் பாதிக்கப்படுவது யார்? நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவரின் கருவி வேலை நடுவில் நின்றுவிட்டால் அன்றைய வருமானம் போகிறது. மக்டொனோ போன்ற ஊரில் தொழிற்சாலை மூடப்பட்டால் ஒரு தலைமுறையின் தொழில் போகிறது. கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளில் இவ்விரண்டுக்கும் இடம் இருப்பதில்லை.

ஆகவே, கருவி வாங்கச் செல்பவர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்த பிறகு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது. இதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுதடைந்தால் திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா? பெயருக்குப் பின்னால் பட்டறை இன்னமும் இருக்கிறதா என்பதை அறிவதற்கு விளம்பரங்களைவிட இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்களே நம்பகமானவை.